ஒட்டிக்கொண்ட பிரிண்டர் போர்ட்டுகள்: விண்டோஸ் சேர்வரின் கருவிகளில் எது கைகொடுக்கும்?

விண்டோஸ் சேர்வரோடு வரும் பிரிண்ட் மேனேஜ்மென்ட் கொன்சோல், பிரிண்டர்களைக் கண்காணிக்க நல்ல கருவி. ஆனால் பழைய போர்ட் ஒன்றை, அதாவது அச்சு வேலையை எந்த வழியே பிரிண்டருக்கு அனுப்புவது என்று சேர்வர் குறித்து வைத்திருக்கும் பதிவை, அகற்ற அதை மட்டும் நம்பி உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும். அந்த வேலைக்கு விண்டோஸின் கட்டளை வரிக் கருவியான பவர்ஷெல்தான் சரி. அதற்கும் மசியாத போர்ட்டுக்கு மட்டும், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி. சேர்வர் 2016, 2019, 2022 மூன்றுக்கும் இது பொருந்தும்.

மலையகத்துத் தோட்டக் கந்தோர்களிலும் தேயிலை பெக்டரிகளிலும் ஹட்டன், பண்டாரவளை, நுவரெலியா பக்கத்துச் சிறு நிறுவனங்களிலும் இந்தச் சிக்கல் அடிக்கடி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடியும் மின்னலும்தான். கந்தோருக்கும் பெக்டரிக்கும் இடையே செம்புக் கேபிள் நீளமாக ஓடும் இடங்களில் பிரிண்டரின் நெட்வேர்க் கார்டு எளிதில் அடிபடும். மாற்றுப் பிரிண்டர் வரும், புது ஐபி முகவரி கிடைக்கும், சம்பளச் சிட்டை அடிக்கும் அவசரத்தில் புது போர்ட் ஒன்று போடப்படும். பழையதை யாரும் தொடுவதில்லை. ரவுட்டரை மாற்றினாலும் இதே கதை. சில வருடங்களில் ஐந்து பிரிண்டர் உள்ள இடத்தில் இருபது போர்ட் வரிசையாக நிற்கும்.

கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விடுவது சரியல்ல. செத்த முகவரி நாளை வேறொரு பிரிண்டருக்குக் கிடைக்கலாம். அப்போது கந்தோரில் வரவேண்டிய செக்ரோல் தாள் பெக்டரியில் வந்து விழும். சம்பள விவரம் உள்ள தாள் யார் கையிலும் கிடைப்பது சின்ன விஷயமில்லை. போர்ட்டின் பெயர் ஒரு ஐபியாகவும் உள்ளே இருக்கும் முகவரி வேறொன்றாகவும் இருந்தால், அடுத்து வந்து திருத்துபவர் தவறான இடத்தில்தான் தேடுவார்.

இனி கொன்சோல். விண்டோஸ் சேர்வர் 2003 ஆர்2 காலத்திலிருந்து இருப்பது இது. சேர்வர் மேனேஜரில் பிரிண்ட் அண்ட் டொகியுமென்ட் சேர்விசஸ் ரோலைச் சேர்த்தால் கூடவே வரும். விண்டோஸ் 10, 11 புரோ கணினியில் ஒப்ஷனல் பீச்சர்ஸ் பகுதியிலிருந்து ஏற்றிக்கொண்டு, அங்கிருந்தே சேர்வரைப் பார்க்கலாம். இடது பக்கத்தில் சேர்வரின் பெயரை விரித்தால் டிரைவர்கள், போம்கள், போர்ட்டுகள், பிரிண்டர்கள் என்று பிரிந்து நிற்கும். மேலே உள்ள தயார் வடிகட்டிகளில் ‘வேலை காத்திருக்கும் பிரிண்டர்கள்’ என்பதும் ‘தயார் நிலையில் இல்லாத பிரிண்டர்கள்’ என்பதும் மிகப் பயனுள்ளவை. போர்ட்டைத் தொடுமுன் இந்த இரண்டையும் பார்ப்பது நல்லது. பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

குறை எங்கே என்றால், போர்ட்டின் மேல் வலது பொத்தானை அழுத்தி டிலீட் கொடுத்ததும், கேட்ட வளம் பாவனையில் இருக்கிறது என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடுகிறது. விண்டோஸ் கணக்கில் இது 170ஆம் இலக்கப் பிழை. யார் பாவிக்கிறார்கள், எந்தப் பிரிண்டர், எந்த வேலை என்று ஒரு சொல்லும் இல்லை. மறுப்பது பெரும்பாலும் நியாயமானதுதான். உண்மையிலேயே ஏதோ ஒன்று அந்தப் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிடித்திருப்பது எது என்று சொல்லாததால்தான் ஆட்கள் நேராக ரெஜிஸ்ட்ரிக்குப் போய்க் கெடுத்துக்கொள்கிறார்கள். இத்தனை பதிப்பு வந்த பிறகும் இதை யாரும் சரிசெய்யாதது பெரிய குறை.

இந்த ஒரு விஷயத்தில் பழைய பிரிண்ட் சேர்வர் புரொப்பர்ட்டிஸ் சாளரம் கொன்சோலை விட மேல். அதன் போர்ட்ஸ் பக்கத்தில் போர்ட், விவரம், பிரிண்டர் என்று மூன்று நெடுவரிசை உண்டு. எந்தப் போர்ட்டில் எந்தப் பிரிண்டர் தொங்குகிறது என்று ஒரே பார்வையில் தெரியும். ரன் பெட்டியில் பிரிண்ட்யுஐ என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோட்டோடு எஸ் எழுத்தைச் சேர்த்தால் திறக்கும்.

பிடித்துக்கொண்டிருப்பது எது?

முதல் சந்தேகம் பிரிண்டர் கியூ மேல்தான், அதாவது ஒரு பிரிண்டருக்கான வேலைகள் சேர்வரில் வரிசையில் நிற்கும் இடம். பிரிண்டர் சாதனம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கலாம். அதன் கியூ சேர்வரில் இருக்கும்வரை போர்ட் அசையாது. கியூ தேவையில்லை என்றால் முதலில் அதை அகற்றுங்கள். தேவை என்றால் வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். புதுப் போர்ட் இன்னும் தயாராகவில்லையா, தற்காலிகமாக எல்பிடி1 போர்ட்டுக்கு நகர்த்தி வைக்கலாம். அங்கே எதுவும் இணைந்திராதபடியால் யாரும் தவறுதலாக அனுப்பும் வேலை அச்சாகாமல் காத்து நிற்கும்.

இங்கே கண்ணுக்குத் தப்புவது பிரிண்டர் பூலிங். ஒரே கியூவுக்கு இரண்டு மூன்று போர்ட் கொடுத்திருந்தால் அவை காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு ஒரே மதிப்பாகப் பதிவாகியிருக்கும். பவர்ஷெல்லில் ‘சமம்’ என்று தேடினால் இது அகப்படாது. ‘உள்ளடக்கம்’ பார்க்கும் மேட்ச் அல்லது லைக் கொண்டு தேட வேண்டும். அப்படித் தேடும்போது இன்னொரு கவனம் வேண்டும்: 192.168.1.2 என்று தேடினால் 192.168.1.20, 192.168.1.25 எல்லாம் சேர்ந்து வரும். வந்ததை எல்லாம் அப்படியே நீக்கப் போகாதீர்கள்.

இரண்டாவது, அச்சு வேலைகளை வாங்கிப் பிரிண்டருக்கு அனுப்பும் விண்டோஸ் சேவையான ஸ்பூலர். கியூவை வேறு போர்ட்டுக்கு மாற்றிவிட்டீர்கள், புரொப்பர்ட்டிஸ் சாளரத்தில் பிரிண்டர் நெடுவரிசை வெறுமையாக இருக்கிறது, ஆனாலும் 170 வருகிறது. ஸ்பூலர் சேவை பழைய போர்ட்டைத் திறந்தபடியே வைத்திருப்பதுதான் வழக்கமான காரணம். சேவையை நிறுத்தி மறுபடி தொடக்கினால் கைவிடும். சில விநாடி வேலைதான், ஆனாலும் நேரம் பார்த்துச் செய்யுங்கள். அச்சாகிக்கொண்டிருக்கும் வேலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி வரலாம். வெற்றுத் தாளில் அது வெறும் தாள் நட்டம். முன்கூட்டியே இலக்கமிட்ட இன்வாய்ஸ் படிவத்தில் இலக்கமே குழம்பிவிடும். பெக்டரியில் தேயிலை ஏற்றி அனுப்பும் நாளிலும், கந்தோரில் சம்பளச் சிட்டை அடிக்கும் நாளிலும் ஸ்பூலரைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது, ‘டிலீட்டிங்’ என்று காட்டியபடி போகாமல் நிற்கும் வேலை. ஸ்பூலரை மறுதொடக்கம் செய்தாலும் இது திரும்ப வந்து உட்காரும், ஏனென்றால் அது வட்டில் கோப்பாக இருக்கிறது. விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் எஸ்பிஎல், எஸ்எச்டி என்று முடியும் இரண்டு கோப்புகள் இருக்கும். முதலாவதில் அச்சுக்குரிய தரவு, இரண்டாவதில் வேலையின் விவரம். ஸ்பூலரை நிறுத்திவிட்டு அந்த இரண்டையும் வேறு கோப்புறைக்கு நகர்த்தி, மீண்டும் தொடக்குங்கள். முழுவதையும் அழித்துத் தள்ளச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள்: அந்தக் கோப்புறை எல்லாப் பிரிண்டருக்கும் பொது, அடுத்த மேசைக்காரரின் வேலையும் சேர்ந்து போய்விடும். கோப்பின் நேரத்தைப் பார்த்தால் பழையது எது என்று தெரியும்.

நான்காவது கொஞ்சம் சிக்கலானது. எல்லாப் போர்ட்டும் விண்டோஸின் சொந்தப் போர்ட் அல்ல. எப்சன்நெட் பிரிண்ட் போன்ற மென்பொருள்கள் போர்ட்டை இயக்கும் பகுதியான போர்ட் மொனிட்டரைத் தாங்களே ஏற்றி, அதன் கீழ் போர்ட் போடும். அவற்றை அந்த மென்பொருளை முறைப்படி அன்இன்ஸ்டோல் செய்து அகற்றுவதே நல்லது. பவர்ஷெல்லில் போர்ட் பட்டியலை எடுத்தால் போர்ட்மொனிட்டர் என்ற நெடுவரிசை வரும். அதில் டிசிபிமொன் டிஎல்எல் என்றிருந்தால் அது ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட். இந்தக் கட்டுரையில் சொல்லும் வழி அதற்குச் செல்லும். வேறு பெயர் இருந்தால் முதலில் அது யாருடையது என்று கண்டுபிடியுங்கள்.

டபிள்யுஎஸ்டி போர்ட் இன்னொரு ரகம். பிரிண்டரை விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்து ஏற்றும்போது உருவாவது. போர்ட்டை நேரடியாக நீக்கக் கேட்டால், இந்தக் கோரிக்கைக்கு ஆதரவில்லை என்று வரும். அந்தச் சாதனத்தையே டிவைசஸ் பகுதியிலிருந்து அகற்றி, ஸ்பூலரை மறுதொடக்கம் செய்ய வேண்டும். சேர்வரில் டபிள்யுஎஸ்டி போர்ட்டை வைத்திருக்கவே கூடாது என்பது எனது உறுதியான கருத்து. முகவரியை நீங்கள் தீர்மானிக்க முடியாத போர்ட் சேர்வருக்கு ஆகாது.

டொட் மேட்ரிக்ஸ் பாவிக்கும் இடங்களில் யுஎஸ்பி போர்ட் தொல்லை தரும். எப்சன் எல்கியூ-310 போன்ற பிரிண்டரைச் சுத்தம் செய்யக் கழற்றி, கேபிளை வேறு துளையில் செருகினால் விண்டோஸ் அதைப் புதுப் பிரிண்டர் என்று எடுத்துக்கொண்டு யுஎஸ்பி002, பிறகு 003 என்று அடுக்கும். கியூவின் பெயருக்குப் பின்னால் ‘கொப்பி 1’ என்று ஒட்டிக்கொள்ளும். இதற்கு ரிமூவ் கட்டளையைத் தேடி அலைய வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் யுஎஸ்பி பிரிண்டிங் சப்போர்ட் வரிகளை அன்இன்ஸ்டோல் செய்யுங்கள். பிறகு கேபிளுக்கு ஒரே துளையை நிரந்தரமாக ஒதுக்கி, துளைக்கு மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

டிஎஸ்001 என்பது போலத் தொடங்கும் பெயர்கள் ரிமோட் டெஸ்க்டொப் வழியாக வருபவை. கொழும்புத் தலைமைக் காரியாலயத்திலிருந்து யாராவது சேர்வருக்குள் நுழையும்போது அவர்களது கணினியின் பிரிண்டரும் கூடவே வந்து சேர்கிறது. அங்கே அச்சடிக்கும் தேவை இல்லையென்றால், வாடிக்கையாளர் பிரிண்டரைத் திருப்பிவிடுவதைத் தடுக்கும் குரூப் பொலிசியை (நிறுவனக் கணினிகளின் அமைப்புகளை ஒரே இடத்திலிருந்து தீர்மானிக்கும் வசதி) இயக்கிவிட்டால் புதிதாகச் சேர்வது நிற்கும்.

கொம்1, எல்பிடி1, பைல் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அவற்றால் கேடு இல்லை.

பவர்ஷெல் வழி

சேர்வர் 2012 முதல் வரும் பிரிண்ட்மேனேஜ்மென்ட் மொடியூலில் நான்கே கட்டளை போதும்: கெட்-பிரிண்டர், கெட்-பிரிண்டர்போர்ட், செட்-பிரிண்டர், ரிமூவ்-பிரிண்டர்போர்ட். நான்குமே கம்பியூட்டர்நேம் என்ற தெரிவை ஏற்கும். டிவிஷன் கந்தோரின் சேர்வரை, மழை நேரத்தில் மலை ஏறிப் போகாமல், தோட்டத்துப் பெரிய கந்தோரில் இருந்தபடியே சரிசெய்யலாம். தள்ளாடும் இணைப்பில் கொன்சோல் உறைந்து நிற்கும்போதும் கட்டளை வரி நிதானமாக வேலை செய்யும். இதற்காகவே இதை முதலிடத்தில் வைக்கிறேன்.

தொடங்குமுன் பிரதி எடுங்கள். ஸ்பூல் கோப்புறைக்குள் டூல்ஸ் என்ற கோப்புறையில் பிரிண்ட்பிஆர்எம் இருக்கிறது. கழித்தல் குறியோடு பி கொடுத்து, கழித்தல் எப் கொடுத்து, கோப்பின் பெயரைச் சொன்னால் கியூ, டிரைவர், போர்ட் எல்லாம் ஒரே கோப்பில் வந்துவிடும். கொன்சோலிலும் சேர்வரின் பெயர் மேல் வலது பொத்தானை அழுத்தி எக்ஸ்போர்ட் கொடுத்து இதையே செய்யலாம். கொன்சோலின் மிகச் சிறந்த வசதி இதுதான் என்பேன்.

பிறகு கெட்-பிரிண்டர்போர்ட் பட்டியலையும் கெட்-பிரிண்டரின் நேம், போர்ட்நேம் இரண்டையும் சிஎஸ்வி கோப்புகளாக எடுத்து, எக்ஸெலில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்தக் கியூவிலும் வராத டிசிபிமொன் போர்ட்டுகள்தான் நீக்க வேண்டியவை. அவற்றில் ஒவ்வொன்றின் முகவரியையும் பிங் செய்து பாருங்கள். பதில் வந்தால் அங்கே என்ன சாதனம் இருக்கிறது என்று அறிந்துகொண்டு மேலே போங்கள். கியூ இல்லாமல் நேராக 9100 துளைக்கு (பிரிண்டர் நெட்வேர்க் வழியே வேலை வாங்கும் இலக்கம்) அனுப்பும் பழைய மென்பொருள் ஏதும் அங்கே தொங்கலாம். அதற்கு விண்டோஸ் போர்ட் தேவையில்லை, ஆனாலும் அந்த முகவரியை இன்னொரு பிரிண்டருக்குக் கொடுத்துவிடக் கூடாது.

அடுத்து, பிடித்திருக்கும் கியூக்களை செட்-பிரிண்டர் கொண்டு நகர்த்தி, ஸ்பூலரை மறுதொடக்கம் செய்து, உடனேயே ரிமூவ்-பிரிண்டர்போர்ட் கொடுங்கள். உடனே என்பது முக்கியம். இடையில் யாராவது ஒரு கியூவை அந்தப் போர்ட்டுக்கே திருப்பி ஒரு பக்கம் அனுப்பிவிட்டால் ஸ்பூலர் மறுபடி போர்ட்டைத் திறந்துகொள்ளும். இரண்டு கட்டளையையும் ஒரே வரியில் அரைப்புள்ளி இட்டு எழுதினால் இடைவெளியே இராது.

ஒரு எச்சரிக்கை. கெட்-பிரிண்டர்போர்ட்டின் முழுப் பட்டியலைக் குழாய்க்குறி வழியே ரிமூவுக்குக் கொடுக்க முடியும், ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். பாவனையில் உள்ளவை மறுத்துத் தப்பிக்கொள்ளும். பாவனையில் இல்லாத, ஆனால் நாளை தேவைப்படும் போர்ட்டுகள் ஓசையின்றிப் போய்விடும். பெயரைச் சொல்லி ஒவ்வொன்றாக நீக்குங்கள்.

பழைய வழியான பிரின்போர்ட் விபிஎஸ் ஸ்கிரிப்டும் சிஸ்டம்32க்குள் பிரிண்டிங் அட்மின் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் இன்னும் கிடைக்கிறது. வேலை செய்யும். ஆனால் விபிஸ்கிரிப்டைக் கைவிடுவதாக மைக்ரோசொப்ட் 2023இல் அறிவித்துவிட்டது. புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

ரெஜிஸ்ட்ரி, கடைசியில்

கியூ இல்லை, வேலை இல்லை, ஸ்பூலரை மறுதொடக்கம் செய்தாயிற்று, சேர்வரையே ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தும் பார்த்தாயிற்று, இன்னும் நிற்கிறது என்றால்தான் இது.

லோக்கல் மெஷினின் சிஸ்டம் பகுதியில் கரண்ட்கொன்ட்ரோல்செட், கொன்ட்ரோல், பிரிண்ட் என்று இறங்குங்கள். அங்கே இரண்டு இடம் முக்கியம். பிரிண்டர்ஸ் என்ற சாவியின் (ரெஜிஸ்ட்ரியில் கோப்புறை போன்ற பகுதி) கீழ் ஒவ்வொரு கியூவுக்கும் ஒரு சாவி. அதற்குள் போர்ட் என்ற மதிப்பு. மொனிட்டர்ஸ் சாவியின் கீழ் ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட், அதன் கீழ் போர்ட்ஸ். அங்கே ஒவ்வொரு போர்ட்டின் பெயரிலும் ஒரு சாவி. முதலில் பிரிண்டர்ஸ் முழுவதையும் துழாவி, நீக்கப்போகும் பெயர் எந்தப் போர்ட் மதிப்பிலும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். எந்தச் சாளரத்திலும் தெரியாத, அரைகுறையாக நீக்கப்பட்ட கியூவின் எச்சம் இங்கேதான் அகப்படும். அநேகமாக அதுதான் திருடன்.

பிரிண்ட் சாவியை முழுதாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஸ்பூலரை நிறுத்துங்கள். குறிப்பிட்ட போர்ட்டின் சாவியை மட்டும் நீக்குங்கள். ஸ்பூலரைத் தொடக்குங்கள். வரிசை மாறக் கூடாது. ஸ்பூலர் தனது போர்ட் பட்டியலைத் தொடங்கும்போதுதான் வாசிக்கிறது. ஓடும்போது சாவியை நீக்கினால் திரையில் போர்ட் அப்படியே நிற்கும், நீங்கள் நீக்கவில்லை என்று நினைத்து அடுத்ததில் கைவைப்பீர்கள். கியூ ஒன்று இன்னும் சுட்டிக்கொண்டிருக்கும் போர்ட்டை இப்படி நீக்கினால் அந்தப் பிரிண்டர் வேலை செய்யாது. எக்ஸ்போர்ட் கோப்பு அதற்குத்தான்.

நீக்கியது திரும்ப வந்தால்

அரை மணி, ஒன்றரை மணி கழித்து அதே போர்ட் மறுபடி முளைத்தால் ஸ்பூலரைச் சந்தேகிக்க வேண்டாம். குரூப் பொலிசி பிரிபரன்சஸ் பகுதியில் யாரோ அந்த டிசிபி/ஐபி பிரிண்டரைப் போட்டு வைத்திருப்பார்கள். பொலிசி 90 நிமிடத்துக்கு ஒரு முறை, அதோடு 30 நிமிடம் வரை கூடுதலாக, புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் போர்ட் திரும்ப உருவாகும். பொலிசியில் பழைய வரியை நீக்குங்கள், அல்லது முகவரியைத் திருத்துங்கள். சேர்வரில் கையால் நீக்கிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

போர்ட் பெருகுவதைத் தடுக்க, பிரிண்டர் மாறும்போது புதுப் போர்ட் போடாமல், கொன்சோலில் கொன்பிகர் போர்ட் திறந்து முகவரியை மட்டும் மாற்றுங்கள். விசார்ட் பழக்கத்தில் போர்ட்டின் பெயரையே ஐபியாக வைப்பதுதான் இதற்கு இடைஞ்சல். முகவரி மாறினாலும் பெயர் பழைய ஐபியாகவே நின்று குழப்பும். பெயர் ஐபியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. செக்ரோல் அறை, தேயிலை நிறுக்கும் அறை என்று இடத்தின் பெயரைக் கொடுங்கள். பிரிண்டரின் மெக் முகவரிக்கு (நெட்வேர்க் கார்டின் சொந்த அடையாள எண்) ரவுட்டரில் நிலையான ஐபி ஒதுக்குங்கள். புதுக் கார்டு வந்தால் மெக் மாறும், ஒதுக்கீட்டில் அந்த ஒரு வரியை மாற்றினால் சேர்வரில் எதையும் தொட வேண்டியதில்லை.

கொன்பிகர் போர்ட் சாளரத்தில் இருக்கும்போதே எஸ்என்எம்பி (பிரிண்டரின் நிலையை நெட்வேர்க் வழியே கேட்டறியும் முறை) ஸ்டேட்டஸ் பெட்டியையும் பாருங்கள். விசார்ட் வழியாக வந்த போர்ட்டில் இது பெரும்பாலும் இயங்கியபடியே இருக்கும். விலை குறைந்த பிரிண்ட் சேர்வர் பெட்டிகள் சில எஸ்என்எம்பிக்குப் பதில் சொல்லாது. உடனே விண்டோஸ் பிரிண்டரை ஒப்லைன் என்று காட்டும், கிளாக்கர் அதைப் பார்த்துப் போர்ட் கெட்டுவிட்டது என்று இன்னொன்றைப் போடுவார். அந்தப் பெட்டியின் சரியை எடுத்துவிட்டால் பிரிண்டர் திரும்ப வந்துவிடும். அட்-பிரிண்டர்போர்ட் கட்டளையால் உருவாக்கும் போர்ட்டில் நீங்களாகக் கேட்டாலன்றி எஸ்என்எம்பி இயங்காது.

எல்லாம் முடிந்ததும் பொலிசியைக் கட்டாயமாகப் புதுப்பித்து, ஸ்பூலரை இன்னொரு முறை தொடக்கி, கெட்-பிரிண்டர்போர்ட் பட்டியலை மறுபடி எடுத்துப் பழைய சிஎஸ்வியோடு ஒப்பிடுங்கள். பிறகு ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஒரு சோதனைப் பக்கம் அனுப்பி, தாள் சரியான அறையில் விழுகிறதா என்று அங்கே இருப்பவரிடம் தொலைபேசியில் கேளுங்கள்.